புள்ளி அண்ணாச்சி பிடிக்காத மீன்

ஒரு மீனைப் பிடிப்பதற்காக இரண்டரை வருஷம் யோசித்த மனிதர் இந்த உலகத்தில் எங்கள் புள்ளி அண்ணாச்சி ஒருவர்தான். கப்பல் வாங்கித் திமிங்கிலம் பிடிக்கப் போகிறவன்கூட அதில் கால்வாசி யோசித்திருக்க மாட்டான். இத்தனைக்கும் அண்ணாச்சி சுத்த சைவம். பக்கத்து வீட்டில் கருவாடு வறுபட்டால் இவர் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்திக்கொள்ளும். ஊதுபத்தி இரண்டு சேர்ந்து எரியும்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நான் பதினோரு வருஷம் புரூஃப் ரீடராக இருந்தேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எது வந்தாலும் எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை. கலர்ப் பிழை பார்ப்பது அண்ணாச்சி வேலை. ஆப்செட்டில் அச்சாகிற எந்தப் படமும் உற்றுப் பார்த்தால் நாலு கலர்ப் புள்ளிகளின் கூட்டம்தான். அண்ணாச்சி கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விசாரிப்பார். முருகன் காலண்டரில் மயிலின் கழுத்தில் ஒரு நீலப் புள்ளி மயிரிழை நகர்ந்திருந்தாலும் மிஷினை நிறுத்திவிடுவார். "மயிலுக்குக் கழுத்துச் சுளுக்கு," என்பார். அப்படி வந்த பெயர்தான் புள்ளி அண்ணாச்சி. சொந்தப் பெயர் ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது. அவர் மனைவியை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். அந்த மதினியே எங்களிடம் பேசும்போது "உங்க புள்ளி அண்ணாச்சி" என்றுதான் சொல்வார்.

அவருக்கு மீன் பைத்தியம் பிடித்தது ஓர் ஆர்டரால். காலண்டர் சீசன் முடிந்து மிஷின்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாசி மாதம், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கேட்லாக் அச்சுக்கு வந்தது. தூண்டில் சாமான் விற்கிற கம்பெனி. நூற்று நாற்பது பக்கமும் 'பாஸ்' என்கிற ஒரே ஒரு மீனைப் பற்றி. அதைப் பிடிக்கிற கம்பு, அதற்கான தூண்டில் நரம்பு, முள், படகு, படகில் மாட்டுகிற கரண்டுப் பெட்டிகள். அந்த மீன் அமெரிக்க ஏரிகளில் இருக்கிறதாம். பெரிய வாய், பச்சை முதுகு, வாடகை கேட்க வந்தவர் மாதிரி முகம். கலர் ஒத்துப் பார்ப்பதற்கென்று ஒரு ரப்பர் தவளையையும் சாம்பிளாக அனுப்பியிருந்தார்கள். அதற்கு லூர் என்று பெயர். உயிருள்ள இரைக்குப் பதிலாகத் தூண்டில் முள்ளில் மாட்டுகிற பொய் இரை.

அண்ணாச்சி அந்தத் தவளையைப் பூதக்கண்ணாடியில் அரை மணி நேரம் பார்த்தார். பிறகு என் மேஜைக்கு வந்து அதை மெதுவாக இறக்கி வைத்தார்.

"இதுல எத்தனை கலரு இருக்கு தெரியுமா தாயி? ஏழு. நம்ம மீனாட்சியம்மனுக்கே நாலுதான் குடுத்திருக்கோம். ஒரு மீன ஏமாத்துறதுக்கு மனுசன் இம்புட்டு மெனக்கெடுறான்னா, அந்த மீனு எம்புட்டு விவரமா இருக்கணும்."

அன்றைக்குப் போனவர்தான்.

பாஸ் மீன் நம் பக்கம் கிடையாது என்று நான் சொன்னேன். அவர் மூன்று மாதம் விசாரித்து, அதற்குச் சமமான ஆள் நம் விரால் என்று கண்டுபிடித்தார். விராலும் செடிக்குள் பதுங்கியிருந்து தவளையைப் பாய்ந்து பிடிக்கிற ஜாதகம். சிவகாசிக்குப் பக்கத்திலேயே ஆனைக்குட்டம் அணை இருக்கிறது. அதில் விரால் இருக்கிறது. தூண்டிலோடு போய் உட்கார்ந்தால் முடிந்தது. நீங்களும் நானும் அப்படித்தான் செய்திருப்போம். அண்ணாச்சி சாமான் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்.

முதலில் கம்பு. கேட்லாக்கில் கம்பு மட்டும் அறுபத்திரண்டு வகை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் டைரியில் எழுதிக்கொள்வார். டைரி என்றால், பிப்ரவரிக்கு முப்பது தேதி அச்சாகிக் கழித்துப்போட்ட டைரி.

"பவர்னு போட்டிருக்கு அண்ணாச்சி. கம்பு எம்புட்டு வெயிட்டு தாங்கும்கிறது. அடுத்து ஆக்‌ஷன். இழுத்தா எந்த இடத்துல வளையும்கிறது."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நம்ம முதலாளி பவர் ஜாஸ்தி, ஆக்‌ஷன் கம்மி," என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார்.

படித்ததைச் செய்து பார்க்காமல் அவருக்கு மனசு ஆறாது. மூன்று மூங்கில் கம்புகளைப் பேப்பர் கோடவுன் சுவரில் குத்திவைத்து, நுனியில் மசி டின்னைத் தொங்கவிட்டு, எது எங்கே வளைகிறது என்று பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோடுகள் இன்னமும் இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கோடவுனுக்குள் வெள்ளம் வந்த அடையாளம் என்று நினைக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து ஏழடிக் கம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரவழைத்தார். சாப்பாட்டு நேரத்தில் கோடவுனில் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே வீசிப் பழகினார். பழகும்போது முள்ளைக் கழற்றிவிட வேண்டும் என்று கேட்லாக்கில் இருப்பதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "முள்ளக் கழட்டுனா வெயிட்டு மாறிப்போகும் தாயி," என்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி, தாயில்பட்டிப் பட்டாசு முதலாளி ஒருவரை அட்டை காட்டக் கூட்டி வந்தார். தவளை ஆகாயத்தில் போய், வந்தவருடைய தோள் துண்டில் இறங்கியது. அண்ணாச்சி பழக்க தோஷத்தில் கம்பில் இருந்த நரம்புச் சக்கரத்தைச் சுற்றினார். துண்டு தரையில் ஊர்ந்து அண்ணாச்சியின் காலடிக்கு வந்து சேர்ந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, ஆர்டர் குடுக்க வந்தவுகளத் தூண்டில் போட்டு இழுக்குற நெலமை நமக்கு இன்னும் வரல," என்றார். வந்தவர் நல்ல மனிதர். துண்டை வாங்கி உதறிப் போட்டுக்கொண்டு, அந்தத் தவளையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் தீபாவளிக்கு அவர் கம்பெனியில் ஒரு புது வெடி வந்தது. லேபிளில் தவளைப் படம்.

அடுத்தது கலர். எந்தத் தண்ணீரில் எந்தக் கலர் விராலின் கண்ணுக்கு எடுபடும் என்பது கேள்வி. அதற்கு ஆனைக்குட்டம் தண்ணீரே வேண்டும். ஆட்களை ஏற்றி வருகிற பேக்டரி வேன் டிரைவரிடம் சொல்லி இரண்டு கேன் தண்ணீர் வரவழைத்தார். வீட்டில் வாளியில் ஊற்றி, அடியில் கலர் அட்டைகளை ஒட்டி, காலை வெயிலில் ஒரு தடவையும் சாயங்கால வெயிலில் ஒரு தடவையும் பார்ப்பதாக ஏற்பாடு. காலைப் பார்வை முடிந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் வாளி கவிழ்ந்திருந்தது.

"இந்தாருங்க, குழாயில தண்ணி வந்து ஒம்பது நாளாச்சு," என்றார் மதினி. "வாசல் தெளிச்சேன். மிச்சத்துக்கு முருங்கைக்கு ஊத்துனேன்."

"அது பரிசோதனைத் தண்ணி."

"முருங்கைக்குத் தெரியவா போகுது."

அடுத்த ஆறு மாதம் தவளை லூர்களாக வாங்கி, ஆப்செட் மசியைக் கலந்து அவற்றுக்கு மறுபடி வர்ணம் பூசினார். எதுவும் திருப்தியில்லை. பதினெட்டுத் தவளைகள் மேஜை டிராயரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். டிராயரைத் திறந்தால் பதினெட்டும் நம்மைப் பார்க்கும்.

கடைசியாக மீன் காட்டும் பெட்டி. இதற்குத்தான் மனிதர் தூக்கத்தையே விட்டார். பெட்டியிலிருந்து ஒரு வயர் இறங்கும். வயர் நுனியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குமிழ். தண்ணீருக்குள் அது ஒரு சத்தத்தை அனுப்பும். சத்தம் தரையில் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து ஆழத்தை அடிக்கணக்கில் சொல்லும். கீழே கிடப்பதைக் கலரில் படமாகவும் காட்டும். நடுவில் மீன் இருந்தால் சின்ன வளைவாகத் தெரியும். வெறும் ஆழம் மட்டும் சொல்லும் பெட்டி, கலரில் காட்டும் பெட்டி, பக்கவாட்டிலும் பார்க்கும் பெட்டி என்று மூன்று ரகம். ஏழு மாதம் யோசித்து நடுவில் உள்ளதை எடுத்தார். "பக்கவாட்டுல பாக்குற பெட்டி நமக்கு எதுக்கு தாயி. அந்த டேம்ல பக்கவாட்டுல பாத்தா கரை தெரியும்," என்றார்.

பெட்டி வந்ததும் மொட்டைமாடித் தொட்டிக்குள் குமிழை இறக்கிப் பார்த்தார். ஆழம் மூன்றடி என்றது. நடுவில் ஒரு வளைவும் காட்டியது.

"மீனு காட்டுது," என்று கீழே குரல் கொடுத்தார்.

மதினி படியேறி வந்தார். "தொட்டிக்குள்ள மீனு கெடக்குன்னா, அந்தத் தண்ணியிலயா நான் இத்தனை நாளும் உலை வெச்சேன்?" கையை விட்டுத் துழாவினார். தண்ணீரை அடைக்கிற பிளாஸ்டிக் பந்து அகப்பட்டது. அண்ணாச்சி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர் கவலை எல்லாம் திரையில் தெரிந்த மஞ்சளில் சிவப்பு ஒரு சொட்டுக் கூடுதலாக இருந்ததுதான். அதைத் திருத்த இரண்டு வாரம் ஆனது.

குமிழைப் படகின் பின்பக்கம் மாட்டச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருந்தது. அண்ணாச்சி முன்பக்கம்தான் மாட்டுவேன் என்றார். "கடந்து போனதப் பாத்து என்ன பண்ண? வரப்போறதுல்ல தெரியணும்," என்பது அவர் வாதம். காற்றடிக்கிற ரப்பர் படகு ஒன்று வாங்கியிருந்தார். அதைப் பைண்டிங் செக்‌ஷனில் வைத்து மிஷினுக்கு உள்ள கம்ப்ரஸரால் காற்றடித்தோம். படகு நன்றாக உப்பியது. வாசல் உப்பவில்லை. மறுபடி காற்றை இறக்கி வெளியே கொண்டுபோக அரை நாள்; அதுவரை டைரிக்கு அட்டை ஒட்டுகிற பெண்கள் படகுக்குள் உட்கார்ந்து ஒட்டினார்கள்.

ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, லோடு ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆனைக்குட்டம் போனோம். அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியாது. அதனால் மதினி வந்தார். மதினிக்குத் துணையாக நான். மிதவைச் சட்டை போட்டால்தான் படகில் ஏற விடுவேன் என்று மதினி சொல்லிவிட்டார். ஆரஞ்சு நிறச் சட்டை.

"இந்தக் கலரு மீனு கண்ணுல படும்," என்றார் அண்ணாச்சி.

"படட்டும். என் கண்ணுலயும் படணும்," என்றார் மதினி.

அணையில் மீன் குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். பெயர் மாடசாமி, நாற்பது வயது இருக்கும். நாங்கள் இறக்கிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்ததும் வலையைக் கீழே போட்டார்.

"கரண்டு வெச்சா பிடிக்கப் போறீக?"

"இல்ல தம்பி. தூண்டில்தான். இது ஆழம் பாக்குறதுக்கு."

"ஆழமா? அண்ணாச்சி, இந்த வருசம் தண்ணியே இல்ல. இந்தக் கரையில இருந்து அந்த எலந்தை மரம் வரைக்கும் நடந்தே போயிரலாம். எனக்கு நெஞ்சளவு, உங்களுக்குக் கழுத்தளவு. இதுக்கு மிஷினா?"

அண்ணாச்சி அவருக்குப் பெட்டியின் பெருமைகளை எல்லாம் சொன்னார். மாடசாமி சிரிக்காமல் கேட்டார். அதுவே பெரிய விஷயம். படகில் அண்ணாச்சி உட்கார்ந்து துடுப்பை வலித்தார். படகு உட்கார்ந்த இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றியது. மாடசாமி பார்த்தார், லுங்கியை மடித்துக் கட்டினார், தண்ணீரில் இறங்கிப் படகைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார். இரண்டரை வருஷம் தேர்ந்தெடுத்த படகு, கடைசியில் ஐஸ் வண்டி மாதிரி போனது.

கரையிலிருந்து எங்களுக்கு அண்ணாச்சியின் குரல் தெளிவாகக் கேட்டது. "நாலடி. நாலடி. நாலே காலடி. நாலடி." பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"இதச் சொல்ல ஒரு பெட்டி," என்றார் மதினி. இட்லிப் பாத்திரத்தைத் திறந்தார்.

குரல் நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடசாமி, நில்லு," என்றார்.

"மீனா?" என்று கேட்டுக்கொண்டே மாடசாமி தள்ளினார்.

"ஏலே, நில்லுலே." பதினோரு வருஷத்தில் அண்ணாச்சி யாரையும் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. "காலை முன்னால வைக்காதலே. படகப் பிடிச்சுக்கோ."

மாடசாமி நின்றார். குமிழ் மாட்டிய முன்பக்கம் அவருக்கு எட்டடி முன்னால் இருந்தது; குரல் நின்ற பிறகும் அவர் ஏறக்குறைய அவ்வளவு தூரம் நடந்திருந்தார். இரண்டு கைகளாலும் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மெதுவாக முன்னால் நீட்டித் துழாவினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தரையக் காணோம்," என்றார்.

"முப்பத்தாறு அடி காட்டுது," என்றார் அண்ணாச்சி. "நாலடி, நாலடி, அடுத்து முப்பத்தாறு. சுவரு மாதிரி நேரா எறங்குது. இது கெணறு."

அணை வருவதற்கு முன்னால் அங்கே தோட்டங்கள் இருந்திருக்கின்றன. தோட்டத்துக்குக் கிணறு இருந்திருக்கிறது. கைப்பிடிச் சுவர்க் கல்லை யாரோ பெயர்த்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். தண்ணீர் வற்றுகிற வருஷங்களில் வேலிக்கருவேலம் வளர்ந்து அதை மூடிவிடும்; தண்ணீர் இருக்கிற வருஷங்களில் தண்ணீர் மூடிவிடும். மாடசாமி குத்தகைக்காரரிடம் வேலைக்கு வந்த நாளாகக் கரை ஓரத்திலேயே வலை போட்டதால் அந்தப் பக்கம் நடந்ததில்லை.

நீச்சல் தெரிந்தவர்தான், பயந்துவிடவில்லை. ஆனால் படகைக் கரைக்குத் திருப்பித் தள்ளி வந்தவர் ஈரத்தோடு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி பக்கத்தில் போய், "அவசரத்துல லேன்னுட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காத," என்றார்.

மாடசாமி அதைக் காதில் வாங்கவில்லை. "எங்க மச்சான் இங்கனதான் போனாரு அண்ணாச்சி," என்றார்.

அவருடைய அக்கா வீட்டுக்காரர். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. நீச்சல் தெரியாதவர். சாயங்காலம் வேன் இறக்கிவிட்டதும், உடம்பில் ஒட்டிய மருந்துத் தூளோடு வீட்டுக்குள் போகக் கூடாது என்று இங்கே வந்து குளித்துவிட்டுப் போவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குளிக்க வந்தவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் மிதந்த உடலைத்தான் எடுத்தார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் ஓர் ஆம்பளை எப்படிச் செத்தான் என்று ஊர் யோசித்தது. ஊர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. குடித்திருப்பான் என்று முடித்துவிட்டது.

"அவரு தொட்டதே இல்ல அண்ணாச்சி. எங்க அக்கா சொல்லிச்சொல்லிப் பாத்தா. எழவு வீட்டுக்குத் துட்டி கேக்க வந்தவுககூட தலைய ஆட்டிட்டுப் போயிருவாக. இப்ப அதப் பத்திப் பேசுறதையே விட்டுட்டா."

அன்றைக்கு ஒருவரும் மீன் பேச்சு எடுக்கவில்லை. மதினி மாடசாமியின் கையில் இட்லித் தட்டைக் கொடுத்தார். அவர் வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். "சாப்பிடுங்க தம்பி," என்று மதினி இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் பிட்டு வாயில் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடசாமி அக்காவைக் கூட்டி வந்தார். பேச்சியம்மாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர், மெலிந்த உடம்பு. படகில் ஏற முதலில் தயங்கினார். மதினி தன் வீட்டுக்காரரின் மிதவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி அவருக்கு மாட்டிவிட்டு, "நானும் வாறேன்," என்று கூடவே ஏறிக்கொண்டார். அண்ணாச்சி தன் நீச்சல் தெரியாத உடம்போடு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். மாடசாமி ஒரு கம்பால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டே தள்ளினார். நான் கரையில் இருந்தேன். என்ன நடந்தது என்று பிறகு மதினி சொன்னார்.

அந்த இடத்தில் படகை நிறுத்தி, அண்ணாச்சி திரையைப் பேச்சியம்மாள் பக்கம் திருப்பியிருக்கிறார். அச்சகத்தில் புரூஃப் காட்டுகிற அதே குரலில் சொல்லியிருக்கிறார். "இந்த மஞ்சள் தரை. நாம வந்த வழி. இங்கன பாருங்க, மஞ்சள் அத்துப்போயி கருப்பு எறங்குது. இதுதான் கெணத்து வாயி. கண்ணுக்குத் தெரியாது. நடந்து வாறவனுக்கு அடுத்த எட்டு இதுக்குள்ளதான்."

பேச்சியம்மாள் ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார். பிறகு, "அப்ப அவுக குடிக்கலைன்னு இது சொல்லுதா?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணாச்சிக்குப் பொய்யும் வராது, கூட்டிச் சொல்லவும் வராது. "அத இது சொல்லாது தாயி. யாரா இருந்தாலும், நிதானத்துல வந்தவனா இருந்தாலும் இங்கன விழுந்திருப்பான். அதச் சொல்லுது," என்றாராம்.

கரைக்கு வந்து இறங்கிய பேச்சியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊரு டீக்கடையில வந்து இதச் சொல்லுவீகளா?" என்று கேட்டார். அண்ணாச்சி கூட்டத்தில் பேசுகிற ஆள் அல்ல. முதலாளி பேத்தியின் காதுகுத்து விழாவில் வாழ்த்தச் சொல்லி மைக்கைக் கொடுத்ததற்கு மைக்கின் கலரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி இறங்கியவர். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். பெட்டி படத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். பெஞ்சில் வைத்து, பேட்டரியை மாட்டி, ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார். கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். ஒரு பெரியவர் திரையைப் பார்த்து, எந்த இடம் என்று விசாரித்துக்கொண்டு, "இது செவக்காட்டுக்காரன் கெணறுல்லா. நான் சின்னப்பிள்ளையில குதிச்சுக் குளிச்ச கெணறு. மறந்தே போனேனே," என்றார். பிறகு பேச்சியம்மாள் நின்ற பக்கம் திரும்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்று பேச்சியம்மாளுக்கு அந்தக் கடையில் எட்டுப் பேர் டீ வாங்கித் தர முன்வந்தார்கள். அவர் ஒன்று குடித்தார்.

அதற்குப் பிறகு அண்ணாச்சியின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த அணைக்குத்தான். டீக்கடையில் பார்த்த அந்தப் பெரியவர் கரையில் உட்கார்ந்து ஞாபகத்தில் வருகிற கிணறுகளைக் கை நீட்டிக் காட்டுவார். மாடசாமி தள்ளுவார். அண்ணாச்சி, "நாலடி, நாலடி," என்று ஒப்பிப்பார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. இப்படி ஐந்து கிணறுகள் அகப்பட்டன. ஒவ்வொன்றைச் சுற்றியும் மூங்கில் நட்டு, நுனியில் பளிச்சென்ற சிவப்பு மசி அடித்தார்கள். அணையின் வரைபடம் ஒன்றை நாலு கலரில் போட்டுத் தருவதாக முதலாளி சொன்னார். அதில்தான் பழைய அண்ணாச்சி திரும்பி வந்தார். ஊரே படத்துக்குக் காத்துக்கொண்டிருக்க, கிணற்றுக்குப் போட்ட கருப்பில் ஆழம் பற்றவில்லை என்று மூன்று தடவை மிஷினை நிறுத்தினார்.

"கருப்புல என்ன அண்ணாச்சி கூடக் கொறைய," என்று கேட்டேன்.

"பாத்தவொடனே கால் கூசணும் தாயி," என்றார்.

அச்சாகி வந்தபோது உண்மையிலேயே கூசியது. டீக்கடையில், ரேஷன் கடையில், பேக்டரி வேன்களின் கதவில் எல்லாம் அதை ஒட்டினார்கள். ஒரு படத்தைப் பேச்சியம்மாள் சட்டம் போட்டு, வீட்டுக்காரர் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாக மாடசாமி சொன்னார்.

மீன் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அண்ணாச்சி கடைசிவரை தண்ணீரில் தூண்டில் போடவில்லை. மாடசாமி ஒரு நாள் கையைப் பிடித்துக் கேட்டுப் பார்த்தார். "ஒரு தடவை வீசுங்க அண்ணாச்சி, நானே முள்ளுல மாட்டிவிட்டாவது இழுக்க வெக்கிறேன்," என்றார். அண்ணாச்சி பதினெட்டுத் தவளைகளையும் படகில் பரப்பி வைத்து மதியம் வரை யோசித்தார். வெயில் ஏறி, தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். எல்லோரும் கரையேறிச் சாப்பிட்டோம்.

போன வருஷம் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். முழங்கால் வலி, கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். படகையும் பெட்டியையும் மாடசாமியிடம் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எனக்குப் போன் வரும். நலம் விசாரிப்பு எல்லாம் மதினியின் வேலை; இவருக்கு ஒரே கேள்விதான்.

"தாயி, டேம்ல தண்ணி எம்புட்டு நிக்கிது?"

நெஞ்சளவுக்கு இறங்குகிற சமயம்தான் ஆபத்து, அப்போது மூங்கில்களைச் சரிபார்க்க மாடசாமிக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. மாடசாமிக்கு அது தெரியாதா என்ன. அவர் தினமும் அங்கேயே இருக்கிறார். நானும் ஏதோ ஓர் அளவைச் சொல்லிவிடலாம். கோயம்புத்தூரில் இருக்கிறவர் வந்தா பார்க்கப் போகிறார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் ஆனைக்குட்டம் போய், கரையில் நின்று பார்த்துவிட்டு, போன் வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன். இதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை.